சாக்லேட் மணக்கும் ஆர்க்கிட்: வாசகர் கேள்வி பதில்

வாசனை ஆர்க்கிட் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே செடியைச் சுற்றி வருகின்றன. கடைக்காரர்கள் ‘சாக்லேட் ஆர்க்கிட்’ என்று விற்கும் ஒன்சிடியம் ஷாரி பேபிதான் அது. கருஞ்சிவப்பு இதழ், வெள்ளை உதடு (கீழே விரியும் பெரிய இதழ்), ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பூக்கள். கிளை பிரிந்த ஒரே தண்டில் பத்துக் கணக்கில் ஆடும். ஜேமி சட்டன், ஹொனலுலு என்ற இரண்டு ஒன்சிடியங்களைச் சேர்த்து உருவாக்கி, 1983-ல் பதிவு செய்யப்பட்ட கலப்பினம். கேள்விகளையும் பதில்களையும் இதை வைத்தே தொகுத்திருக்கிறோம். மற்ற வாசனைச் செடிகளைப் பற்றியும் இடையிடையே வரும்.

நர்சரியில் பூவோடு வாங்கி வந்தேன். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் ஈரப் பாசிதான் இருக்கிறது, மண்ணே இல்லை. உடனே நல்ல மண் தொட்டிக்கு மாற்றிவிடலாமா?
வாசகி, மேற்கு மாம்பலம்

மண் வேண்டாம். செம்மண், தோட்ட மண், மண்புழு உரம் எதுவும் இந்த வேருக்கு ஆகாது. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு காற்றில் வளரும் இனம் இது. நனைந்த வேர் சில மணி நேரத்துக்குள் காற்றுப் பட்டு ஆற வேண்டும். மண்ணுக்குள் புதைத்தால் மூச்சுத் திணறி அழுகும். ஆர்க்கிட் செத்துப்போனதாக வரும் கடிதங்களில் அநேகம் வேர் அழுகிய கதைகள்தான். உரம் போதாமல் செத்த செடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பூ இருக்கும்வரை தொட்டியை மாற்றாதீர்கள். வேரை அசைத்தால் மொட்டு உதிரும். முதல் மூன்று வாரம் மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். இலையின் அடிப்பக்கம், குமிழைச் (இலைகளின் அடியில் பருத்திருக்கும் தண்டு) சுற்றியுள்ள காய்ந்த உறை ஆகியவற்றில் மாவுப்பூச்சி ஒளிந்து வரும். நர்சரிக்காரர்கள் பாசியை இறுக்கி அடைத்திருப்பார்கள். நீண்ட தூரம் லாரியில் போகும் செடிக்கு அது சரி, வீட்டுக்குச் சரிவராது. மேலே காய்ந்து தெரிந்தாலும் நடுவில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதனால் விரலை மேலே வைத்துப் பார்க்காமல் தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய உடனே எவ்வளவு கனம் என்று ஒருமுறை நினைவில் வைத்துக்கொண்டால், லேசாகும்போது கைக்கே தெரிந்துவிடும்.

தொட்டி மாற்ற வேண்டிய நேரத்தைச் செடியே சொல்லும். குமிழின் அடியிலிருந்து புதுக் குருத்து கிளம்பி நான்கைந்து சென்டிமீட்டர் உயரம் வந்து, அதன் அடியில் வெள்ளை வேர் முனைகள் எட்டிப் பார்க்கும் வாரம்தான் சரியான வாரம். வேர் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீண்ட பிறகு கை வைத்தால் முனைகள் ஒடியும். ஒடிந்த முனை மேலே வளராது.

கலவைக்கு அடுப்புக்கரி இரண்டு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, உடைத்த ஓட்டுச் சில்லு ஒரு பங்கு எடுங்கள். எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு, அதாவது 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். தடித்த வேருள்ள வாண்டா என்ற ஆர்க்கிடுக்குப் போடுவது போலப் பெரிய கரிக்கட்டி போடக் கூடாது. ஷாரி பேபியின் வேர் நூல் போல மெல்லியது, பெரிய இடைவெளியில் காய்ந்துவிடும். கரியைக் கழுவித் தூளை நீக்குங்கள். மட்டைத் துண்டில் உப்பு இருக்கும். மூன்று நாள் ஊறவைத்து தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கடைசியாக வடிக்கும் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), நீங்கள் ஊற்றிய தண்ணீரின் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

நான்கு அல்லது ஐந்து அங்குலத் தொட்டி போதும். பெரிய தொட்டியின் நடுப்பகுதி காயவே காயாது. பழைய குமிழைத் தொட்டி விளிம்பை ஒட்டி வைத்து, புதுக் குருத்து நடுவை நோக்கியிருக்கும்படி நடுங்கள். முன்னால் இன்னும் இரண்டு குமிழுக்கு இடம் இருக்கட்டும். குருத்தின் அடி கலவையின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும், புதையக் கூடாது. செடி ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டிவிடுங்கள். ஆடும் செடி வேர் பிடிக்காது. ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் போதும்.

நிறையப் பூத்திருக்கிறது, ஆனால் வாசனையே இல்லை. ஏமாந்துவிட்டேனா?
வாசகர், கோவை

முதலில் பூவின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் பாவாடை விரித்தாற்போல் பூக்கும் ஒன்சிடியம் என்றால் அது கவர் ராம்சி வகையாக இருக்கலாம். அழகான பூ, ஆனால் மணமென்று சொல்ல ஒன்றுமில்லை. அதைச் ‘சாக்லேட்’ என்று விற்றிருந்தால் ஏமாந்ததுதான்.

கருஞ்சிவப்புப் பூ என்றால் பொறுங்கள். மலர்ந்த முதல் மூன்று நான்கு நாள் மணம் வராமல் இருக்கலாம். பிறகும் நாள் முழுக்க வீசாது. வெயில் ஏறி, காற்றில் சூடு வந்த பிறகு, காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகல்வரைதான் உச்சம். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து முகர்ந்துவிட்டு ‘மணமில்லை’ என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஏசி ஓடும் 20 டிகிரி அறையில் மணம் எழும்பாது. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் எழும்பும் மணமும் கலைந்துபோகும். செடிக்குக் காற்றோட்டம் வேண்டும்தான். ஆனால் பூ இருக்கும் நாட்களில் மட்டும், இளவெயில் விழும், காற்று அடிக்காத மூலை ஒன்றுக்கு மாற்றி வையுங்கள்.

போதிய வெளிச்சம் இல்லாமல் வளர்ந்த செடியில் பூவும் குறையும், மணமும் மங்கும். அதைப் பூத்த பிறகு சரிசெய்ய முடியாது, அடுத்த குமிழுக்குத்தான் பார்க்க வேண்டும்.

இலை முழுக்க மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். மூன்று முறை பூஞ்சைக்கொல்லி அடித்தும் போகவில்லை.
வாசகி, நாகர்கோவில்

போகாது. அது நோயே அல்ல. இலையில் இப்படிப் புள்ளி விழுவது ஷாரி பேபியின் பிறவிக் குணம். நன்றாக வளரும் செடியிலும் இருக்கும், மருந்தை நிறுத்துங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு புள்ளியைச் சுற்றி பேனாவால் கோடு போட்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். கோட்டுக்குள்ளேயே இருந்தால் பயமில்லை. கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, சுற்றி மஞ்சள் வளையம் வந்தாலோ, தொட்டால் கொழகொழவென்று நாற்றம் அடித்தாலோ அது பாக்டீரியா அழுகல். நல்ல பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி எறியுங்கள். வெட்டிய இடத்தில் சமையலறை லவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைக்கலாம். வேரில் மட்டும் பட்டைத் தூள் படக் கூடாது, ஈரத்தை உறிஞ்சி வேரைக் காயவைத்துவிடும்.

புது இலைகள் எல்லாம் விசிறி மடிப்புபோல மடிந்து மடிந்து வருகின்றன. நீவி நிமிர்த்தினால் கிழிகிறது.
வாசகர், திருச்சி

இலை குருத்துக்குள் நீளும் வாரங்களில் தண்ணீர் குறைந்திருக்கிறது. ஒருநாள் வளர்ந்து, மறுநாள் நின்று, மீண்டும் வளர்ந்தால் ஒவ்வொரு தடங்கலுக்கும் ஒரு மடிப்பு விழும். விழுந்த மடிப்பு நிரந்தரம், இழுக்காதீர்கள். அடுத்த குருத்து நேராக வருகிறதா என்பதுதான் உங்கள் பரீட்சை முடிவு.

தண்ணீர் ஒழுங்காக ஊற்றியும் மடிகிறதென்றால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் அழுகியிருந்தால் நீங்கள் ஊற்றுவது செடிக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். இலை வாடுகிறதே என்று இன்னும் ஊற்ற, மிச்ச வேரும் அழுகும்.

திருச்சி வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் தினமும் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஊற்றுங்கள். அடியில் வழிந்தோடும்வரை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து மறுபடியும் ஒருமுறை. முதல் தடவை காய்ந்த கலவை தண்ணீரை ஏற்காமல் வழியவிடும், இரண்டாவது தடவைதான் ஊறும். மற்ற மாதங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. செடிக்கடியில் கூழாங்கல் பரப்பிய தட்டில் தண்ணீர் வைக்கலாம். ஆனால் தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது.

எங்கள் போர் தண்ணீர் டிடிஎஸ் 900. இலை நுனி கருகுகிறது. எவ்வளவு உரம் போடலாம்? அரிசி கழுவிய தண்ணீர் நல்லதா?
வாசகர், மதுரை

கருகலுக்குக் காரணத்தைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். இந்த உப்போடு உரமும் சேர்ந்தால் வேர் முனை வெந்துபோகும். டிடிஎஸ் 200-க்குள் இருந்தால் கவலையில்லை. 200 முதல் 400 வரை என்றால், வாரம் ஒருமுறை உரம் கலக்காத தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப்போல் நான்கு மடங்கு ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். 900 என்றால் நேரடியாக ஊற்றவே வேண்டாம். ஒரு பங்கு போர் தண்ணீருக்கு நான்கு பங்கு ஆர்ஓ தண்ணீர் சேர்த்தால் 200 சொச்சத்துக்கு இறங்கும். மழைநீர் எல்லாவற்றையும்விட உயர்த்தி. மழை தொடங்கிப் பதினைந்து நிமிடம் மாடி கழுவப்பட்ட பிறகு பிடியுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பில்லை. அன்றன்று பிடித்ததைக் கலந்து பயன்படுத்தலாம், வாளியில் நாள்கணக்கில் தேங்கியதை அல்ல. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீர் மட்டும் கூடவே கூடாது. உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைத்திருந்தால் அதன் தண்ணீரும் வேண்டாம், அதில் சோடியம் இருக்கும்.

உரத்துக்கு, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 போதும். லிட்டருக்கு அரை கிராம். தராசு இல்லையென்றால் தலைதட்டிய ஒரு தேக்கரண்டியைப் பத்து லிட்டரில் கரையுங்கள், ஏறக்குறைய அதே அளவு வரும். இதில் தழைச்சத்து 95 பிபிஎம் (லிட்டருக்கு 95 மில்லிகிராம்) இருக்கும், அதற்கு மேல் தேவையில்லை. பாக்கெட்டில் லிட்டருக்கு ஐந்து கிராம் என்று போட்டிருந்தால் அது வயலுக்கு. வாரம் ஒருமுறை, அதுவும் குருத்து வளரும் மாதங்களில் மட்டும். காய்ந்த வேரில் உரம் ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர், அரைமணி கழித்து உரத் தண்ணீர்.

ஆர்ஓ அல்லது மழைநீர் மட்டுமே ஊற்றுகிறவர்கள் ஒருவாரம் விட்டு ஒருவாரம் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம் கொடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் கால்சியம் கிடையாது, குருத்தின் நுனி கறுத்துப்போகும். 19:19:19-ஐயும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே குவளையில் கெட்டியாகக் கரைத்தால் சுண்ணாம்பு போலத் திரிந்து அடியில் தங்கிவிடும். வெவ்வேறு வாரம் கொடுங்கள். போர் தண்ணீர் கலக்கும் உங்களுக்கு கால்சியம் தனியாக வேண்டாம்.

அரிசி கழுவிய தண்ணீர், மோர், வெங்காயத்தோல் ஊறல், முட்டை ஓடு எல்லாம் ரோஜாத் தொட்டிக்குப் போகட்டும். மண்ணில் அவற்றைச் சிதைக்க ஓர் உலகமே இருக்கிறது. கரித் தொட்டியில் அவை புளித்து, குட்டி ஈக்களை வரவழைத்து, மட்டைத் துண்டைச் சீக்கிரம் மட்க வைக்கும். மட்கிய கலவைக்குள் காற்றுப் புகாது. அங்கிருந்து வேர் அழுகலுக்கு ஓரடிதான்.

பன்னிரண்டாம் மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. வைக்கலாமா?
வாசகி, வேளச்சேரி

வைக்கலாம், ஆனால் பிற்பகல் வெயிலை நேராக விடக் கூடாது. இந்தச் செடிக்கு 20,000 முதல் 30,000 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு. ஆகவே திறந்த இடத்தில் கோடைக்கு 75 சதவீத நிழல்வலை கட்டினால் கணக்கு சரியாக வரும். மழைக்காலத்திலும் மார்கழியிலும் 50 சதவீத வலை போதும். அளக்கக் கருவி இல்லையென்றால், இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். நிழல் தெரிய வேண்டும், ஆனால் அதன் ஓரம் மங்கலாக இருக்க வேண்டும். கத்தியால் வெட்டினாற்போல் நிழல் விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழவில்லையென்றால் பூ வராது.

இலை நிறமும் சொல்லும். மஞ்சள் சாயல் ஓடும் இளம்பச்சைதான் சரி. கரும்பச்சையாக, தளதளவென்று, பார்க்க அழகாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை.

பன்னிரண்டாம் மாடியில் வெயிலைவிடக் காற்றுத்தான் எதிரி, தொட்டியை அரை நாளில் காயவைத்துவிடும். மூங்கில் தட்டி ஒன்றை மேற்குப் பக்கம் தொங்கவிட்டால் வெயிலும் காற்றும் சேர்ந்து குறையும். உங்கள் கலவையில் மட்டைத் துண்டை இரண்டு பங்காக்கி, கரியை ஒரு பங்காகக் குறையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடியை உள்ளே தள்ளி வையுங்கள். குருத்தின் மடிப்புக்குள் இரவெல்லாம் தண்ணீர் நின்றால் விடியும்போது அழுகியிருக்கும்.

பூந்தண்டு இரண்டடி வளர்ந்து, மொட்டுகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்கின்றன.
வாசகி, சேலம்

தண்டு கிளம்பியதிலிருந்து பூ விரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அவ்வளவு காலத்தில் ஒரே ஒரு நாள் தவறினாலும் மொட்டில் தெரியும். தொட்டி முற்றிலும் காய்ந்துபோவது, 35 டிகிரிக்கு மேல் வெப்பம், வெளியே வளர்ந்ததைத் திடீரென்று ஏசி அறைக்குக் கொண்டுபோவது, இவையெல்லாம் வழக்கமான காரணங்கள். யாரும் சந்தேகப்படாத இன்னொன்று உண்டு. செடிக்குப் பக்கத்தில் வாழைத்தாரோ, பழுக்க வைத்த மாம்பழமோ இருக்கிறதா? பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். நமக்கு வாசனையே தெரியாத அளவில்கூட மொட்டை உதிர்த்துவிடும். விறகுப் புகை, பத்திப் புகையிலும் அது உண்டு. பூஜை அறை ஜன்னலும் பழக்கூடை மேசையும் பூத்த ஆர்க்கிடுக்கு ஏற்ற இடங்கள் அல்ல.

மொட்டைக் கிள்ளிப் பிரித்து வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். கோடுபோல மெல்லிய பூச்சி ஓடினால் இலைப்பேன். அப்போது காரணமும் வேறு, மருந்தும் வேறு.

பூத்து முடிந்த தண்டை வெட்டலாமா? அதே குமிழ் மறுபடி பூக்குமா?
வாசகர், ஈரோடு

தண்டு பச்சையாக இருக்கும்வரை விடுங்கள். ஷாரி பேபி சில சமயம் பழைய தண்டிலேயே பக்கக் கிளை விட்டு இரண்டாம் சுற்று பூக்கும். பழுப்பானதும் அடியோடு வெட்டுங்கள். பூத்த குமிழ் மறுபடி புதுத் தண்டு தராது, அடுத்த குமிழ்தான் தரும். ஆனால் பழைய குமிழை வெட்டி எறியாதீர்கள். அதுதான் செடியின் தண்ணீர்த் தொட்டி, சாப்பாட்டு மூட்டை. அதில் லேசான சுருக்கம் இயல்பு. கடைசியாக வந்த புதுக் குமிழ் சுருங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரு மாதம் ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இப்போது வேரெல்லாம் கூழ், குமிழ்கள் சுருங்கிவிட்டன. பிழைக்குமா?
வாசகி, கும்பகோணம்

கெட்டியான குமிழ் இரண்டு இருந்தாலே முயன்று பார்க்கலாம். கலவை முழுவதையும் உதறுங்கள். ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருப்பது வேர். நசுங்கி, உள்ளே நூல் மட்டும் மிஞ்சுவது குப்பை, வெட்டிவிடுங்கள். பிளேடைச் சிவக்கச் சுட்டு ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மறுபடி சுட வேண்டும். ஆர்க்கிட் வைரஸ்கள் வெட்டுக் கத்தியில்தான் வீடு வீடாகப் போகின்றன, ஸ்பிரிட்டில் துடைப்பதை மட்டும் நம்ப முடியாது.

ஒருநாள் நிழலில் உலரவிட்டு, ஊறவைத்துக் கையால் இறுகப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியில், மூன்று அங்குலத் தொட்டியில் தளர்வாக வையுங்கள். குச்சியோடு கட்டுங்கள். நான்கைந்து ஓட்டை போட்ட பாலித்தீன் உறையால் மூடி, நல்ல வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். உறைமேல் நேர்வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். பாசியின் மேல்பாகம் காய்ந்தால் மட்டும் தெளியுங்கள். உரம் வேண்டாம். வேர் இல்லாத செடிக்கு உரம் வைப்பது வாயில்லாதவருக்கு விருந்து வைப்பது போல. புது வேர் மூன்று நான்கு சென்டிமீட்டர் வந்ததும், இரண்டு மூன்று மாதம் ஆகலாம், வேர் முனை ஒடியாதபடி பதமாகக் கரிக் கலவைக்கு மாற்றுங்கள். அடுத்த ஓராண்டுக்குப் பூவை எதிர்பார்க்க வேண்டாம். தண்டு வந்தாலும் கிள்ளிவிடுவதே நல்லது.

அக்காவைக் குறை சொல்லாதீர்கள். அடுத்தமுறை ‘மூன்று நாளுக்கு ஒருமுறை’ என்று தொட்டியிலேயே எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள்.

குமிழுக்கிடையில் வெள்ளைப் பஞ்சு, எறும்பும் ஏறுகிறது.
வாசகர், தஞ்சாவூர்

மாவுப்பூச்சி. எறும்பு அதன் மேய்ப்பன், தேன்போன்ற கசிவுக்காக அதை இடம்விட்டு இடம் தூக்கிப் போகும். இரண்டையும் சேர்த்துத்தான் தடுக்க வேண்டும். மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். காய்ந்த உறைகளை உரித்து, மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தெடுங்கள். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் ஒரு மில்லி சோப்புத் திரவம், அதன்பின் ஐந்து மில்லி வேப்பெண்ணெய் சேர்த்து நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். குருத்தின் உள்ளே நிற்பதைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. முதல் தடவை முட்டைக்குள் இருந்தவை அதற்குள் பொரித்திருக்கும். பூவின்மேல் படக் கூடாது, கறை விழும்.

புது வேர் முனைகள் கடித்தது போல இருந்தால் அது குட்டி நத்தை. இரவில் வெள்ளரித் துண்டை வைத்து, விடியும் முன் எடுத்துப் பாருங்கள், அடியில் ஒட்டியிருக்கும்.

வீட்டு மாமரத்தில் கட்டி வளர்க்கலாமா? மரத்தைச் சாப்பிட்டுவிடுமா?
வாசகர், புதுச்சேரி

சாப்பிடாது. புல்லுருவி வேறு, இது வேறு. ஆர்க்கிட் மரத்தின்மேல் உட்கார மட்டுமே செய்யும். ஆனால் ஷாரி பேபியின் மெல்லிய வேர் உங்கள் ஊர் கோடைக் காற்றில் மரத்தில் தாங்காது. மரத்தில் கட்ட ஆசையென்றால் அடுத்த பதிலில் வரும் பிராசவோலாவை எடுங்கள்.

சென்னை வெக்கைக்கு வேறென்ன வாசனைக் கலப்பினங்கள் சரிப்படும்? வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், மாலையில் மணந்தால் நல்லது.
வாசகி, திருவான்மியூர்

உங்களுக்கென்றே இருக்கிறது பிராசவோலா லிட்டில் ஸ்டார்ஸ். பிராசவோலா நொடோசா என்ற செடியின் பிள்ளை. தாய்ச்செடி மத்திய அமெரிக்கக் கடலோரத்தில், அலையாத்தி மரங்களின் மேல்கூட வளர்வது. ஆகவே கடற்காற்றும் வெப்பமும் அதற்குப் புதிதல்ல. வெண்ணிற நட்சத்திரப் பூக்கள் பகலில் மணக்காது, பொழுது சாய்ந்ததும் வீசத் தொடங்கும். இருட்டில் வரும் விட்டில்களை அழைக்கிற மணம் அது. ஷாரி பேபியைவிட அதிக வெயில் கேட்கும், 50 சதவீத வலை போதும். தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கும். இலை பென்சில் போலத் தடித்திருப்பது அதற்காகத்தான்.

சிறிய இடத்துக்கு லூ ஸ்னியரி என்ற கலப்பினம் பொருத்தம். வாண்டா உறவு, கைப்பிடி உயரம், கொத்தாகப் பூக்கும். ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் விருப்பமென்றால் அதில் பெல்லினா என்ற இனத்தின் வழிவந்த கலப்பினங்களைக் கேட்டு வாங்குங்கள், ரோஜாவும் எலுமிச்சையும் கலந்த மணம். பரிசுக் கடைகளில் வரிசையாக நிற்கும் பெரிய வெள்ளை ஃபலனாப்சிஸ்களில் பொதுவாக மணம் கிடையாது.

ஷாரி பேபி சென்னையில் வாழும், பூக்கும். இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்காத மாதங்களில் சோம்பிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு உற்சாகமாகும். ஓசூர், ஏற்காடு போன்ற ஊர்க்காரர்களுக்குத்தான் இது சுகமான செடி. ஏற்காடு போகிறவர்கள் அங்குள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தையும் எட்டிப் பாருங்கள். நம் மலைகளின் சொந்த ஆர்க்கிடுகளை அங்கே காணலாம். மலைச்சாலை ஓரத்தில் காட்டிலிருந்து பிடுங்கிவந்து விற்பதை மட்டும் வாங்காதீர்கள். காடும் இழக்கும், தரைநாட்டுக்கு வந்து அதுவும் பிழைக்காது.

விதை சேகரித்து முளைக்க வைக்கலாமா?
மாணவர், திருநெல்வேலி

வீட்டில் முடியாது. ஆர்க்கிட் விதை தூசு மாதிரி, உள்ளே முளைக்கான உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டி வளர்க்கும். 1922-ல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர், சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சை இல்லாமலேயே முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். ஆய்வகங்கள் இன்றும் அந்த வழியில்தான் போகின்றன. அப்படி முளைத்தாலும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும், அதுவும் தாயைப்போல இருக்காது. கலப்பினத்தின் பிள்ளைகள் ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு மணம்.

அதே செடி வேண்டுமென்றால் பிரிப்பதே வழி. ஆறு ஏழு குமிழ் சேர்ந்த பிறகு, தொட்டி மாற்றும் நேரத்தில், ஒரு பகுதிக்கு மூன்று நான்கு குமிழ் இருக்கும்படி இணைப்புத் தண்டை வெட்டுங்கள். ஒரு குமிழாகப் பிரித்தால் பூப்பதற்குள் இரண்டு மூன்று ஆண்டு ஓடிவிடும்.

பெயர் அட்டையில் ஒன்சிடியம் ஷாரி பேபி என்று எழுதி, பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் ‘ஸ்வீட் ஃபிராக்ரன்ஸ்’ என்றும் இருக்கிறது. எது பெயர்?
வாசகர், காஞ்சிபுரம்

இரண்டும்தான். ஒன்சிடியம் என்பது குலம். ஷாரி பேபி என்பது அந்தக் குறிப்பிட்ட தாய் தந்தைக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பெயர். லண்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி பராமரிக்கும் பதிவேட்டில் இருப்பது இதுதான். மேற்கோள் குறிக்குள் வருவது அந்தப் பிள்ளைகளில் ஒரே ஒரு செடிக்கு வைத்த செல்லப்பெயர். அந்த ஒரு செடியைத் திசு வளர்ப்பில் படியெடுத்துத்தான் விற்கிறார்கள். வாங்கும்போது மேற்கோள் குறிக்குள் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் என்ன நிறம், என்ன மணம் என்று முன்கூட்டியே தெரியும். அட்டையைத் தூக்கிப் போடாமல் பென்சிலால் ஒரு நகல் எழுதித் தொட்டிக்குள் செருகுங்கள். பேனா மை ஒரு கோடையில் வெளுத்துவிடும்.

எங்கள் வீட்டுப் பூனை இலையைக் கடிக்கிறது. விஷமா?
வாசகி, அண்ணா நகர்

ஒன்சிடியம் பூனைக்கு நச்சல்ல. உரம் ஊற்றிய நாளில் தட்டில் வடிந்த தண்ணீரை அது குடிக்காமல் உடனே கொட்டிவிடுங்கள். வேப்பெண்ணெய் தெளித்த செடியை இலை காயும்வரை அதற்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.